காட்டைக் காக்கும் வலைகள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் காட்டுப்பூவைப் பறித்தால் குற்றம். கல்லைப் பொறுக்கி வரக் கூடாது; மான் உதிர்த்த கொம்பு தரையில் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. 1872இல் அமைந்த இதுதான் உலகின் முதல் தேசியப் பூங்கா. இந்தப் பூங்காவின் தென்கிழக்கில் உள்ள பெரிய ஏரியிலோ, மே மாதக் கடைசியில் பனிக்கட்டி உடைந்ததிலிருந்து அக்டோபர் வரை மீன்பிடிப் படகுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பல கிலோமீட்டர் நீளச் செவுள்வலைகள் இறங்குகின்றன. பிடிபடும் மீன் எந்தச் சந்தைக்கும் போவதில்லை. அதன் காற்றுப்பையைக் குத்திக் கிழித்து ஏரியின் ஆழத்திலேயே போட்டுவிடுகிறார்கள். 1990களின் நடுவிலிருந்து இப்படிக் கொல்லப்பட்ட மீன்கள் 40 லட்சத்துக்கும் அதிகம். ஆண்டுச் செலவு சுமார் 20 லட்சம் டாலர்.

காடு காடாகவே இருக்கட்டும் என்று ஒதுக்கிய இடத்தில் எதற்காக இவ்வளவு பெரிய மீன்வேட்டை? யெல்லோஸ்டோன் ஏரியின் 130 ஆண்டு வரலாற்றைப் படித்தால் இதற்கு விடை கிடைக்கும். வெளிமீன் ஒன்று புகுந்துவிட்ட நீரில் சும்மா இருப்பது எவ்வளவு அழிவைக் கொண்டுவரும், அதைத் திருத்த எவ்வளவு காலமும் பணமும் வேண்டும் என்பதற்கு இதைவிட நன்கு ஆராயப்பட்ட உதாரணங்கள் குறைவு.

ஏரியும் அதன் சொந்த மீனும்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,350 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 350 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கிறது இந்த ஏரி. இந்த உயரத்தில் வட அமெரிக்காவில் இதைவிடப் பெரிய ஏரி கிடையாது. ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் மேலே பனிக்கட்டி மூடியிருக்கும். தெற்கே இருக்கும் நீண்ட கைகள் போன்ற குடாக்களுக்குச் சாலை இல்லை. அதற்கப்பால் உள்ள தோரோஃபேர் பகுதி, அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் சாலையிலிருந்து மிகவும் விலகிய இடமாகச் சொல்லப்படுகிறது. மனிதர் கால் படாத இடம் என்று மட்டும் சொல்ல முடியாது. இந்தக் கரைகளில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் வந்து போன தடயங்கள் கிடைத்திருக்கின்றன. பூங்கா அமைந்த பிறகுதான் இங்கே வாழ்ந்த ஷோஷோனி பழங்குடியினர் ஒதுக்கிடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஏரியிலிருந்து வெளியேறும் யெல்லோஸ்டோன் ஆறு சற்றுத் தொலைவில் இரண்டு பெரிய அருவிகளாக விழுகிறது. கீழ் அருவியின் உயரம் 94 மீட்டர். எந்த மீனாலும் அதை எதிர்த்து ஏற முடியாது. ஆகவே கீழே இருக்கும் மீனினங்கள் ஏரிக்கு வரவில்லை. ஏரிக்குச் சொந்தமான மீன்கள் இரண்டே இரண்டு: யெல்லோஸ்டோன் கட்த்ரோட் டிரவுட், லாங்நோஸ் டேஸ் என்னும் சிறு மீன்.

கட்த்ரோட் டிரவுட் மட்டும் எப்படி வந்தது? மலைமுதுகைத் தாண்டி வந்தது. பூங்காவுக்குத் தெற்கே ‘டூ ஓஷன் பாஸ்’ என்ற கணவாயில் ஓர் ஓடை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பிரிவு பசிபிக் பெருங்கடலுக்கும் மற்றது அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் போய்ச் சேரும் ஆறுகளில் கலக்கின்றன. பனியுகப் பாறைப்பனி உருகிய பின் பசிபிக் பக்க ஆறுகளிலிருந்த கட்த்ரோட் இந்த வழியாகத்தான் மறுபக்கம் இறங்கியது. தாடைக்கு அடியில் செம்மஞ்சள் கீற்று ஓடும் இந்த மீன், பல்லாயிரம் ஆண்டுகள் பெரிய எதிரியோ போட்டியோ இல்லாமல் இந்த ஏரியில் பெருகியது.

இதன் வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. முட்டையிடும் பருவம் வந்தால் ஏரியை விட்டு ஓடை ஏறும். ஏரியில் கலக்கும் 124 ஓடைகளில் 68இல் கட்த்ரோட் முட்டையிட்டது பதிவாகியிருக்கிறது. மே முதல் ஜூலை வரை, முழங்காலளவுத் தண்ணீரில் ஆயிரக்கணக்கான மீன்கள் எதிர்நீச்சல் போடும். கரடிக்கும் நீர்நாய்க்கும் விராலடிப்பானுக்கும் கழுகுக்கும் கூழைக்கடாவுக்கும் அதுதான் விருந்துக் காலம். ஏரியில் விளைந்த சத்து ஓடை வழியே காட்டுக்குள் ஏறுகிறது. இந்தக் கட்டுரையில் பின்னால் வருவதெல்லாம் இந்த ஒரு பழக்கத்தைச் சுற்றியே சுழல்கிறது.

அரசே விட்ட மீன்கள்

பூங்கா அமைந்தபோது அதன் நீர்நிலைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் மீனே இல்லை. அருவிகள் தடுத்திருந்தன. அன்றைய அதிகாரிகளுக்கு அது பெரிய குறையாகப் பட்டது. பயணிகள் வருகிறார்கள், தூண்டில் போட மீன் வேண்டாமா என்று கேட்டார்கள். 1889இல் அமெரிக்க மீன்வள ஆணையம் பூங்காவில் மீன் விடும் பணியைத் தொடங்கியது. 1890இல் மிச்சிகன் ஏரியிலிருந்து லேக் டிரவுட் என்னும் மீனைக் கொண்டுவந்து, மீனே இல்லாத லூயிஸ், ஷோஷோனி ஏரிகளில் விட்டார்கள். இவ்விரண்டும் யெல்லோஸ்டோன் ஏரிக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் வேறு வடிநிலத்தைச் சேர்ந்தவை. அப்போது யாரும் ஆபத்தை நினைக்கவில்லை.

கட்த்ரோட்டின் கதையும் நலமாகப் போகவில்லை. விடுதிகளின் சாப்பாட்டு மேசைக்காக ஏரியில் வலை போட்டுப் பிடித்த காலம் உண்டு. முட்டைத் தொழில் அதைவிடப் பெரியது. ஓடை ஏறும் மீன்களை மறித்துப் பிடித்து, சினையைப் பிதுக்கி எடுத்து, நாட்டின் பல பகுதிகளுக்கு அனுப்பினார்கள். 1899 முதல் 1957 வரை இப்படி எடுக்கப்பட்ட முட்டைகள் 81 கோடிக்கும் மேல். அதோடு பயணிகளின் தூண்டிலும் சேர்ந்தது. ஆறு தொடங்கும் இடத்தில் இருக்கும் பாலத்துக்கு ‘ஃபிஷிங் பிரிட்ஜ்’ என்றே பெயர். முட்டையிட வந்து குவியும் மீனின் மேல் நின்றுகொண்டு நூற்றுக்கணக்கானோர் தூண்டில் போட்ட இடம் அது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீன்வளம் சரிந்தது. அதன் பிறகு விழித்துக்கொண்டார்கள். முட்டை எடுப்பது நின்றது. 1973இல் ஃபிஷிங் பிரிட்ஜில் தூண்டில் தடை செய்யப்பட்டது. ஒருவர் எத்தனை மீன், எந்த அளவு மீன் எடுத்துப் போகலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. பலன் விரைவிலேயே தெரிந்தது. கிளியர் கிரீக் என்ற ஓடையில் தடுப்பு அமைத்து ஏறும் மீன்களை எண்ணியபோது, 1978இல் கணக்கு 70,000ஐத் தாண்டியது.

மனிதன் அளவுக்கு மீறிப் பிடித்ததால் வந்த சரிவை, பிடிப்பதைக் குறைத்தே சரிசெய்ய முடிந்தது என்பது இந்த முதல் சுற்றின் பாடம். கையை எடுத்தோம், ஏரி தன்னைத் தானே திருத்திக்கொண்டது. இந்த நம்பிக்கைதான் அடுத்த சுற்றில் உடைந்தது.

1994: ஆழத்தில் ஒளிந்திருந்தது

1994 கோடையில் தூண்டில்காரர் ஒருவரிடம் சிக்கிய மீன் லேக் டிரவுட் என்று உறுதியானது. யெல்லோஸ்டோன் ஏரியில் இருக்கவே கூடாத மீன் அது. தேடிப் பார்த்தபோது பல வயதுக் குழுக்களைச் சேர்ந்த மீன்கள் கிடைத்தன. கண்ணில் படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது வந்து குடியேறிவிட்டது என்பது தெளிவானது.

எங்கிருந்து வந்தது? மீனின் காதுக்கல் மரத்தின் வளையங்களைப் போல அடுக்கடுக்காக வளரும். அந்தந்தக் காலத்தில் மீன் வாழ்ந்த நீரின் வேதியியல் அந்தந்த அடுக்கில் பதிந்துவிடும். கால்சியத்தோடு ஸ்ட்ரான்சியம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று அளந்து, 2005இல் ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். ஏரியின் வயது முதிர்ந்த மீன்கள் சிலவற்றின் காதுக்கல் லூயிஸ் ஏரி நீரோடு பொருந்தியது. 1980களில் யாரோ அங்கிருந்து பிடித்து வந்து இங்கே விட்டிருக்கிறார்கள். 1890இல் அரசு விட்ட மீன் நூறாண்டு கழித்து முகம் தெரியாத சிலரின் கையால் அடுத்த ஏரிக்குப் போனது.

இரண்டும் டிரவுட்தானே, ஒன்று போய் இன்னொன்று வந்தால் என்ன என்று கேட்கலாம். பழக்கத்தில்தான் வேறுபாடு. லேக் டிரவுட் ஆழத்தில் வாழ்வது. முட்டையிட ஓடை ஏறாது. இலையுதிர் காலத்தில் ஏரிக்குள்ளேயே கற்கள் பரவிய திட்டுகளில் முட்டையிடும். பல பத்தாண்டுகள் உயிர்வாழும். வளர்ந்தபின் மற்ற மீன்களைத் தின்னும். ஒரு பெரிய லேக் டிரவுட் ஆண்டுக்குச் சராசரியாக 41 கட்த்ரோட்டுகளைத் தின்கிறது என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆழ்நீர் வேட்டை மீனைப் பார்த்தே பழகாத இனம் கட்த்ரோட்.

இதே சமயத்தில் இன்னும் இரண்டு அடிகள் விழுந்தன. 1998இல் சுழல்நோய் ஏரியில் கண்டறியப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒட்டுண்ணி அது. குஞ்சு மீனின் குருத்தெலும்பைத் தாக்கி அதைச் சுற்றிச் சுற்றி நீந்த வைத்துக் கொல்லும். 1980களின் தொடக்கத்தில் சுமார் 30,000 மீன்கள் ஏறிய பெலிகன் கிரீக், இந்த நோயால் வெறிச்சோடியது. 2000களின் தொடக்கத்தில் வறட்சி வந்தது. சில ஓடைகள் ஏரியைத் தொடும் முன்பே வற்றிப்போக, குஞ்சுகள் இறங்க வழியில்லாமல் போனது. மூன்றும் சேர்ந்தன. 70,000 மீன் ஏறிய கிளியர் கிரீக்கில் 2007இல் ஏறியவை 538.

கரடிக்கும் மான்குட்டிக்கும் நடுவே ஒரு மீன்

ஏரியில் நடந்தது ஏரியோடு நிற்கவில்லை. கிரிஸ்லி கரடிகள் ஓடையோரம் தின்ற கட்த்ரோட் எவ்வளவு என்று மதிப்பிட்டவர்கள், 1980களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 20,910 என்றும் 1990களின் பிற்பகுதியில் 2,266 என்றும் 2000களின் பிற்பகுதியில் 302 என்றும் கணக்குச் சொன்னார்கள். மீன் கிடைக்காத கரடி பட்டினி கிடக்காது. வேறு இரை தேடும். கோடைத் தொடக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் இரை, புதிதாகப் பிறந்த எல்க் மான்குட்டி. ஆர்தர் மிடில்டனும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் தொடர்பைக் காட்டியது. மலைக்கு இடம்பெயர்ந்து வரும் எல்க் மந்தைகளில் குட்டிகள் குறைந்ததற்கு ஓநாய் மட்டும் காரணமில்லை, ஏரியில் மீன் அழிந்ததும் ஒரு காரணம் என்பது அவர்கள் முடிவு. ஆழத்து மீன் ஒன்று மேட்டு நிலத்து மான்குட்டிகள் பிழைக்கும் விகிதத்தைத் தொட்டுவிட்டது.

விராலடிப்பானால் கரடியைப் போல இரை மாற்ற முடியாது. மீன் மட்டுமே அதற்கு உணவு. அதையும் நீரின் மேற்பரப்பில்தான் பிடிக்கும். 1980களின் கடைசியில் ஏரியைச் சுற்றி ஆண்டுக்குச் சராசரியாக 38 கூடுகள் இருந்தன. 2010களில் மூன்றுக்குக் குறைந்தன. இடையில் சில ஆண்டுகள் ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை. வெண்தலைக் கழுகு வேறு வழி பார்த்தது. அன்னம், கூழைக்கடா, லூன் போன்ற நீர்ப்பறவைகளின் மேல் அதன் பார்வை திரும்பியது. அவையும் ஏற்கெனவே அருகி வந்த பறவைகள்.

நீருக்குள்ளும் மாற்றம் தெரிந்தது. கட்த்ரோட் தின்றுவந்த விலங்கு மிதவை உயிரிகள் உடல் பெருத்துப் பெருகின. அவை பாசி வகை மிதவைகளை மேய்ந்து தீர்த்தன. ஏரி நீர் முன்பைவிடத் தெளிவானது. கரையில் நின்று பார்ப்பவர் நல்ல தெளிவான தண்ணீர் என்று வியப்பார். அந்தத் தெளிவு ஏரியின் நோய்க்குறி என்பது அவருக்குத் தெரியாது.

இத்தனை உயிர்களுக்கும் லேக் டிரவுட் ஏன் இரையாகவில்லை என்ற கேள்விக்கு முன்பு சொன்ன பழக்கமே பதில். அது ஆழத்தில் கிடக்கிறது. ஓடைக்கு வருவதே இல்லை. கரடியின் கைக்கும் பறவையின் நகத்துக்கும் எட்டாது. ஏரியின் சத்தைக் காட்டுக்கு ஏற்றிச் சென்ற வழி அடைபட்டுப்போனது.

வலை போடும் பூங்கா

கண்டுபிடித்த உடனேயே பூங்கா நிர்வாகம் செவுள்வலை போடத் தொடங்கியது. ஆனால் முதல் பதினைந்து ஆண்டுகள் வலையைவிட வேகமாக மீன் பெருகியது. இந்த அளவு முயற்சி போதாது என்று 2008இல் கூடிய அறிவியல் குழு எச்சரித்தது. அரைகுறையாகப் பிடித்தால் மிஞ்சிய மீன்களுக்கு இரை கூடுதலாகக் கிடைக்கிறது. அவை நன்றாக வளர்ந்து நிறைய முட்டையிடுகின்றன. ஆண்டுதோறும் பெருகுவதைவிட அதிகமாகக் கொன்றால் மட்டுமே எண்ணிக்கை இறங்கும். அதற்கு ஆய்வாளர்களின் கை போதாது, தொழில்முறை மீனவர் வேண்டும். அப்படி, பெரிய ஏரிகளில் தலைமுறைகளாக வலை போட்டுவந்த விஸ்கான்சின் மாநில மீனவர்கள் ஒப்பந்த முறையில் வரவழைக்கப்பட்டார்கள்.

இந்த வேலையில் கண்ணை மூடிக்கொண்டு வலை வீசுவது கிடையாது. கோடையில் கட்த்ரோட் மேல்நீரிலும் லேக் டிரவுட் ஆழத்திலும் இருப்பதால், வலையை ஆழத்தில் இறக்குகிறார்கள். குஞ்சு முதல் கிழட்டு மீன் வரை சிக்கும்படி வெவ்வேறு கண் அளவுள்ள வலைகள். இலையுதிர் காலத்தில் முட்டையிடும் கல்திட்டுகளைச் சுற்றி வலை. அந்தத் திட்டுகள் எங்கே என்று கண்டறிய, பிடித்த மீன்கள் சிலவற்றின் வயிற்றில் சிறு அறுவை செய்து ஒலிபரப்பும் கருவியை வைத்துத் தைத்து, திரும்ப ஏரியில் விடுகிறார்கள். அது கூட்டத்தோடு சேரப் போகும். பின்தொடரும் படகுக்குக் கூட்டம் இருக்கும் இடம் தெரிந்துவிடும். தன் இனத்தையே காட்டிக்கொடுக்கும் இந்த மீனுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் ‘யூதாஸ் மீன்’.

முட்டையையும் விட்டுவைக்கவில்லை. கொன்ற மீன்களை அரைத்து முட்டையிடும் திட்டுகளின் மேல் கொட்டிப் பார்த்தார்கள். அழுகும்போது கற்களுக்கு இடையே உள்ள பிராணவாயு தீர்ந்து முட்டைகள் செத்தன. பின்னர் அதே வேலைக்கு, சோயா, கோதுமை முதலியவற்றால் செய்த உருண்டைகளைத் தூவினார்கள்.

லேக் டிரவுட் எண்ணிக்கை 2012 வாக்கில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. 2017இல் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் மீன்கள் பிடிபட்டன. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் பிடிப்பு 3 லட்சத்துக்குக் கீழே வந்தது. பெரிய மீன்களின் எண்ணிக்கை பெருமளவு குறைந்துவிட்டது. கட்த்ரோட் மெல்ல மீண்டு வருகிறது. சில ஓடைகளில் மறுபடி மீன் ஏறுகிறது. பழைய நிலை இன்னும் தொலைவில் இருக்கிறது.

தூண்டில்காரருக்கும் இதில் பங்கு உண்டு. இந்த ஏரியில் கட்த்ரோட் சிக்கினால் உயிரோடு விட்டுவிட வேண்டும். லேக் டிரவுட் சிக்கினால் கொன்றே ஆக வேண்டும். மீனை அடையாளம் காணத் தெரிந்துகொண்டுதான் இங்கே தூண்டில் போட வேண்டும்.

மூன்று கேள்விகள்

இந்த முயற்சி மீது எழும் கேள்விகள் நியாயமானவை. முதல் கேள்வி: இத்தனை லட்சம் மீனை மக்களுக்குக் கொடுத்தால் என்ன? ஏரியின் சத்து ஏரியிலேயே இருக்க வேண்டும் என்பது நிர்வாகம் சொல்லும் காரணம். இதில் இன்னொரு நன்மையும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இந்த மீனுக்குச் சந்தை உருவானால், அது அழியக் கூடாது என்று விரும்பும் ஒரு கூட்டமும் உருவாகும். விலை போகும் பகையை யாரும் முழுதாக ஒழிப்பதில்லை.

இரண்டாவது: இயற்கை தானே ஒரு சமநிலையைக் கண்டுகொள்ளாதா? கண்டுகொள்ளும். ஆழத்தில் வேட்டை மீன், மேலே தெளிந்த நீர், வெற்று ஓடைகள், கூடில்லாத மரங்கள் என்ற சமநிலை அது. அதை ஏற்றுக்கொள்ளலாமா என்பது அறிவியலின் கேள்வி கிடையாது. நாம் எதை மதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது: லேக் டிரவுட் கெட்ட மீனா? இதற்கு மிச்சிகன் ஏரியே பதில் சொல்லும். அங்கே லேக் டிரவுட்தான் மண்ணின் மைந்தன். அளவு மீறிய மீன்பிடிப்பாலும், கால்வாய் வழியே புகுந்த கடல் லாம்ப்ரே என்னும் ரத்தம் உறிஞ்சியாலும் 1950களில் அது அங்கே அற்றுப்போனது. மீட்க முயன்றவர்கள் மூல இனம் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடினார்கள். 1890இல் மிச்சிகனிலிருந்து கொண்டுபோய் விட்ட லூயிஸ் ஏரியில் அது பத்திரமாக இருந்தது. அதன் வழி வந்த குஞ்சுகளை மிச்சிகனுக்குத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். ஆக, ஒரே மீனை ஓர் ஏரியில் பணம் கொட்டி வளர்க்கிறார்கள், இன்னோர் ஏரியில் பணம் கொட்டிக் கொல்கிறார்கள். குற்றம் மீனிடம் இல்லை, இடம் மாற்றிய கையில் இருக்கிறது.

நம் பக்கத்துத் தண்ணீர்

மீனை இடம் மாற்றும் அந்தக் காலத்து மோகம் நம் மலைகளுக்கும் வந்தது. நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர 1860களில் ஃபிரான்சிஸ் டே முயன்று தோற்றார். பின்னர் எச்.சி. வில்சன் வெற்றி கண்டார்; 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. இன்று அதைவிடக் கவலை தருவது பெரியாறு. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையால் உருவான தேக்கடி ஏரி, புலிகள் காப்பகத்தின் நடுவில் இருக்கிறது. மன்னான் பழங்குடியினர் அங்கே மீன் பிடித்து வாழ்கிறார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத மீனினங்கள் பெரியாற்றின் மேல்நீர்ப் பகுதிகளில் இருக்கின்றன. அதே நீரில் ஜிலேபிக் கெண்டை, சாதாக் கெண்டை, ஆப்பிரிக்கக் கெளுத்தி ஆகிய வெளி மீன்கள் நிலைகொண்டுவிட்டன. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதை இந்தியா 2000இல் தடைசெய்தது. ஆனாலும் வளர்ப்பு நிற்கவில்லை. 2018 கேரள வெள்ளத்தில் வளர்ப்புக் குளங்களிலிருந்து அரபைமா உள்ளிட்ட பல அயல்மீன்கள் ஆறுகளுக்குள் போயின.

யெல்லோஸ்டோன் ஏரியைக் காக்கப் பணக்கார நாட்டின் நிதி இருக்கிறது, முப்பதாண்டுப் பதிவுகள் இருக்கின்றன, படகுகளும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் கடைசி லேக் டிரவுட்டைப் பிடித்து முடிக்க முடியும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. வலை போடுவதை நிறுத்தினால் எண்ணிக்கை மறுபடி ஏறும் என்பதே அவர்களின் கணிப்பு. அந்த வசதிகள் இல்லாத நமக்கு, வருமுன் காப்பது ஒன்றே கட்டுப்படியாகும். பண்ணைக் குளங்கள் வெள்ளத்தில் உடையாத இடத்தில் அமைய வேண்டும். தடைசெய்த மீனை வளர்ப்பவர் மீது நடவடிக்கை வேண்டும். ஆறுகளில் மீன்குஞ்சு விடும் அரசுத் திட்டங்கள், எந்த இனம், எந்த நீர் என்று பார்த்துச் செய்யப்பட வேண்டும். வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் மீன் அலுத்துவிட்டால் பாவம் என்று ஏரியில் விடாதீர்கள். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்ப்பவர் யாருக்காவது கொடுங்கள்.